பிராக் நகரை உள்ளூர் வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் நாட்டின் தலைநகரான பிராக்குக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டுப் பதிலும் எழுதியிருக்கிறோம். நுழைவுக் கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அவற்றை இங்கே தரவில்லை.

பிராக்கை நடந்தே பார்த்துவிட முடியுமா? எவ்வளவு தூரம் வரும்?

பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்க்கலாம். வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி செலெத்னா தெரு, பழைய நகரச் சதுக்கம், கார்லோவா தெரு, சார்லஸ் பாலம், நெருதோவா தெரு வழியாகக் கோட்டை வரை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர்தான். மன்னர்கள் முடிசூட்டிக்கொள்ள ஊர்வலமாகப் போன பாதை இது. நிற்காமல் நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும், வழிகாட்டியோடு நின்று நின்று போனால் மூன்று மணி நேரம்.

ஒரே நடையில் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்லும் சுற்றுகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மூன்று மணி நேரம் தாண்டினால் யாருக்கும் காதில் எதுவும் ஏறாது. நடுவில் ஓடும் வில்தாவா ஆற்றை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை கிழக்குக் கரை: பழைய நகரம், யூதர் பகுதி, வென்செஸ்லாஸ் சதுக்கம். மறுநாள் காலை மேற்குக் கரை: கோட்டை, அதன் அடிவாரத்து மாலா ஸ்த்ரானா, கம்பா தீவு, கடைசியில் பாலம்.

கூகுள் மேப் இருக்கிறதே, எதற்குத் தனியாக ஒரு கைடு?

வழி கண்டுபிடிக்க மட்டும் என்றால் கைடு தேவையே இல்லை. ஆனால் இந்த ஊரின் வரலாற்றில் பாதி, பெயர்ப்பலகை இல்லாமல் காலடியிலும் தலைக்கு மேலும் கிடக்கிறது. பழைய நகர மண்டபத்தின் கிழக்குச் சுவரோரம் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1620இல் வெள்ளை மலைப் போரில் நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் படையிடம் தோற்றதையடுத்து, அதை எதிர்த்த கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேரை 1621 ஜூன் 21 அன்று கொன்றது அந்தச் சதுக்கத்தில்தான். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதை மிதித்துக்கொண்டு அந்த மண்டபத்தின் வானியல் கடிகாரத்தைப் பார்க்கப் போகிறார்கள்.

வீட்டு வாசல்களில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளை முகப்புக் கற்கள் தரையோடு தரையாக இருக்கும். 'இங்கே வாழ்ந்தவர்' என்று தொடங்கி, நாஜிகள் கொண்டுபோன ஒருவரின் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள், இறந்த இடம் என்று நாலைந்து வரிகள். வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்கோடியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் தூண்களில் வெளிறிய ஒட்டுகள் தெரியும். 1968 ஆகஸ்டில் ஊருக்குள் வந்த சோவியத் படையினர் சுட்ட குண்டுக் குழிகளை அடைத்த தடம் அது. பழைய நகரத்தில் வெள்ளத்துக்குப் பயந்து 13ஆம் நூற்றாண்டிலிருந்து தெருக்களை மேடாக்கியதால், அதற்கு முந்தைய வீடுகளின் தரைத்தளம் இன்று நிலவறையாகிவிட்டது. அப்படி ஒரு நிலவறைக்குள் இறங்கி, அதன் ஜன்னலும் வாசலும் மண்ணை முட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டச் சொல்லுங்கள். இவற்றைக் காட்டத்தான் ஆள் வேண்டும்.

எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது?

காலை எட்டு. முடிந்தால் ஏழரை. பத்து மணிக்கு மேல் கார்லோவா தெருவிலும் பாலத்திலும் தோளோடு தோள் இடிக்கும், வழிகாட்டி சொல்வது நாலாவது வரிசைக்குக் கேட்காது. டிசம்பரில் பகல் வெளிச்சமே எட்டு மணி நேரம்தான், மாலை நாலு மணிக்கு இருட்டிவிடும். ஜூனில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருப்பதால், காலையில் எழ முடியாதவர்கள் மாலை ஆறரைக்குத் தொடங்கலாம்.

கோட்டைக்கு ஞாயிறு காலை வேண்டாம். புனித வீடஸ் பேராலயத்தில் அன்று காலையில் வழிபாடு, பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகே விடுவார்கள்.

'ஃப்ரீ டூர்' என்று போட்டிருக்கிறார்களே, உண்மையிலேயே இலவசமா?

முன்பணம் கிடையாது, அவ்வளவுதான். முடிவில் நீங்கள் தரும் டிப்ஸ்தான் வழிகாட்டியின் கூலி. பல நிறுவனங்கள் வந்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று வழிகாட்டியிடமே வசூலிக்கின்றன. தொடங்கும்போது எல்லோரையும் நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பது பெரும்பாலும் தலை எண்ணத்தான். ஆகவே பாதியில் நழுவிப் போகிறவர்களால் அந்த மனிதருக்குக் கைநஷ்டம். தலைக்கு 250 முதல் 400 கொருனா (செக் நாட்டுப் பணம்) வரை கொடுப்பது நியாயம். பாதியில் கிளம்ப வேண்டியிருந்தால் அதற்கேற்பக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்.

இதில் உள்ள குறை, கூட்டம். 25, 30 பேர் சேர்ந்துவிடுவார்கள். டிப்ஸை நம்பி நடப்பதால் வேடிக்கைக் கதைகள் கூடுதலாகவும் கட்டடக்கலை குறைவாகவும் இருக்கும். முதல் நாள் ஊரின் அமைப்பைப் பிடித்துக்கொள்ள இது போதும். நாலு பேருக்கு மேல் குடும்பமாகப் போகிறவர்கள் தனி வழிகாட்டிக்கு ஆகும் செலவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

தனி கைடு வைத்தால் எப்படி நம்புவது? முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும்?

செக் நாட்டில் கட்டணம் வாங்கி வழிகாட்டுகிறவர்கள் அந்நாட்டின் பிராந்திய வளர்ச்சி அமைச்சகம் தரும் அட்டையை வெளியே தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். அட்டையில் இரண்டு நிலைகள் உண்டு. இரண்டாம் நிலை அட்டை, தொழில்தகுதியை நிரூபித்தவர்களுக்கு மட்டும். தனி வழிகாட்டி என்றால் இரண்டாம் நிலை அட்டை உள்ளவரையே கேளுங்கள்.

பேசும்போது இந்த நாலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: கட்டணம் தலைக்கா, குழுவுக்கா? நுழைவுச்சீட்டு அதில் சேர்த்தியா? தேவாலயம், அரண்மனைக்கு உள்ளே வந்து விளக்குவாரா, வாசலோடு நின்றுவிடுவாரா? நடை எங்கே முடியும்? மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 'கோட்டை டூர்' என்று விளம்பரம் இருக்கும், ஆனால் முற்றங்களை மட்டும் சுற்றிக் காட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். முற்றங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. பேராலயத்தின் உட்பகுதி, பழைய அரச மாளிகை, புனித ஜார்ஜ் ஆலயம், பொற்சந்து ஆகியவற்றுக்குத்தான் டிக்கெட்.

உங்கள் ஆர்வத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 'பீர் கடைகள் வேண்டாம், கட்டடமும் கம்யூனிஸ்ட் ஆட்சியை வீழ்த்திய 1989 புரட்சியும் வேண்டும்' என்று எழுதினால் நல்ல வழிகாட்டி பாதையையே மாற்றிப் போடுவார்.

கைடு அனுப்பிய விலாசத்தில் 210/12 என்று இருக்கிறது. வாசலிலும் சிவப்பில் ஒரு நம்பர், நீலத்தில் ஒரு நம்பர். எதைப் பார்ப்பது?

தெருவில் தேட நீல எண். அது தெருவரிசை எண், ஒருபுறம் ஒற்றைப்படை, மறுபுறம் இரட்டைப்படை. சிவப்பு எண் அந்த வட்டாரத்தில் வீட்டைப் பதிவு செய்த எண், அடுத்தடுத்த வீடுகளில் வரிசையாக இருக்காது. விலாசத்தில் சாய்கோட்டுக்கு முன்னால் வருவது சிவப்பு, பின்னால் வருவது நீலம். நீங்கள் கேட்ட 210/12 நெருதோவா தெருவில் இருந்தால் அது மூன்று வயலின்கள் வீடு. கதவுக்கு மேலே வயலின்கள் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

1770க்கு முன் வீட்டுக்கு எண் என்பதே இல்லை. கதவுக்கு மேலிருந்த சின்னம்தான் விலாசம். அந்தத் தெருவிலேயே 47ஆம் எண்ணில் இரண்டு சூரியன் வீடு இருக்கிறது. எழுத்தாளர் யான் நெருதா வாழ்ந்தது அங்கேதான், தெருவுக்கும் அவர் பெயர்தான்.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயது. கோட்டை வரை ஏற வைக்கலாமா?

ஏற வைக்காதீர்கள், இறங்க வையுங்கள். கோட்டை ஆற்று மட்டத்திலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலான சுற்றுகள் பாலத்திலிருந்து மேலே ஏறுகின்றன. நீங்கள் 22ஆம் எண் டிராமில் பொஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தம் வரை போய், அங்கே சந்திப்பதாக வழிகாட்டியிடம் சொல்லுங்கள். அங்கிருந்து லொரேட்டா தேவாலயம், கோட்டை, நெருதோவா தெரு என்று எல்லாம் இறக்கம்தான். மாலா ஸ்த்ரானா சதுக்கத்தில் மறுபடி 22ஐப் பிடித்தால் அறைக்குத் திரும்பிவிடலாம்.

டிராம் டிக்கெட்டை ஏறியதும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட் இருந்தும் இல்லாத மாதிரிதான், அபராதம் உண்டு. பழைய நகரத்தில் மேலிருந்து பார்க்க ஆசைப்பட்டால் நகர மண்டபக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது. பாலத்துக் கோபுரங்களில் படிகள் மட்டுமே.

என்ன மாதிரி ஷூ போடுவது? மழை பெய்தால் டூர் ரத்தாகிவிடுமா?

நடைபாதைகளில் பதித்திருப்பவை சின்னச் சின்னக் கனசதுரக் கற்கள். வெள்ளை, நீலச்சாம்பல், சிவப்பு நிறங்களில் கோலம்போட்ட மாதிரி வடிவங்களில் பதித்திருப்பார்கள். பார்க்க அழகு, நனைந்தால் வழுக்கும். தெருவின் நடுவில் இருப்பவை பெரிய கிரானைட் கற்கள், நடுநடுவே இடைவெளி விட்டிருக்கும். குதிகால் செருப்பு அதில் மாட்டும், மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பில் ஒரு மணி நேரத்தில் உள்ளங்கால் வலிக்கும். தடித்த ரப்பர் அடியுள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ போதும்.

மழைக்காகச் சுற்று ரத்தாவது அபூர்வம். மழை நாளில் வென்செஸ்லாஸ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள பாசாஜ்களுக்குள் பாதையை மாற்றச் சொல்லுங்கள். கட்டடங்களுக்கு ஊடாகத் தெருவிலிருந்து தெருவுக்குப் போகும் கூரையிட்ட வழிகள் இவை. லுட்செர்னா பாசாஜில் தலைகீழாகத் தொங்கும் செத்த குதிரையின் வயிற்றில் புனித வென்செஸ்லாஸ் உட்கார்ந்திருப்பார். சிற்பி தாவித் செர்னியின் வேலை அது. வெளியே சதுக்கத்தில் அதே வென்செஸ்லாஸ் கம்பீரமாகக் குதிரையேறி நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போனால்தான் இதன் உறைப்பு தெரியும்.

கடிகாரத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றோம். பொம்மைகள் ஒரு நிமிஷத்தில் போய்விட்டன. அவ்வளவுதானா?

பொம்மைகளை மட்டும் பார்த்தால் அவ்வளவுதான். காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு மணியடிக்கும், இயேசுவின் சீடர்கள் வலம் வருவார்கள், சேவல் கூவும். பார்க்க வேண்டியது 1410இல் செய்த அந்த முகப்பை. மணி அடிக்காத நேரத்தில், கூட்டம் இல்லாதபோது அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

பொன்னிறக் கைமுள் ரோமன் எண்களில் நமக்குப் பழக்கமான மணியைக் காட்டும், 12 இரண்டு முறை வரும். அதற்கு வெளியே கறுப்பு வளையத்தில் பழைய கோதிக் எழுத்தில் 1 முதல் 24 வரை இருக்கிறது. நாம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது போல, பழைய செக் கணக்கு சூரியன் மறைந்ததிலிருந்து மணி எண்ணியது. அஸ்தமன நேரம் தினமும் நகர்வதால் அந்த வளையமும் நகர்கிறது. பொற்கை அங்கே 19ஐத் தொட்டால் சூரியன் மறைய இன்னும் ஐந்து மணி நேரம் என்று அர்த்தம். இதை வாசித்துக் காட்டத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் மீதி நடையும் நன்றாக இருக்கும் என்று நம்பலாம்.

எல்லோரும் அண்ணாந்து நிற்கும் அந்த ஒரு நிமிஷம் பிக்பாக்கெட்காரர்களுக்கு நல்ல நேரம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். 22ஆம் டிராமிலும் இதே கவனம் வேண்டும்.

பாலத்தில் முப்பது சிலைகள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம், இரண்டு போதும். முதலில் பாலத்தையே பாருங்கள். இங்கே முன்பிருந்த யூதித் பாலத்தை 1342 வெள்ளம் கொண்டுபோனது. நாலாம் சார்லஸ் 1357இல் புதிதாகத் தொடங்கினார். நீளம் 516 மீட்டர், 16 வளைவுகள். சிலைகள் எல்லாம் பிறகு வந்தவை, பெரும்பாலும் 1683 முதல் 1714 வரை வைத்தவை. பல இப்போது நகல்கள்.

பழைய நகரத்திலிருந்து போகும்போது வலப்புறம் எட்டாவதாகப் புனிதர் நெபொமுக் யோவானின் வெண்கலச் சிலை இருக்கிறது. பாலத்திலேயே பழையது அதுதான், 1683. 1393இல் மன்னரின் ஆட்கள் இவரை ஆற்றில் தள்ளினார்கள். கீழே உள்ள புடைப்புப் பலகையை எல்லோரும் தொட்டுத் தொட்டு அது பொன்னாக மின்னும். அதே வரிசையில் மூன்றாவதாக உள்ள சிலுவையில் பொன்னிற எபிரேய எழுத்துகள் ஓடுகின்றன. ஒரு யூதரைத் தண்டித்து வசூலித்த பணத்தில் 1696இல் பொறித்தவை அவை. கிறிஸ்துவின் சிலுவையில் யூதர்களின் இறைவாசகத்தைப் பொறித்து அவர்களையே அவமதித்தார்கள் என்பதால், 2000இல் விளக்கப் பலகை வைத்தார்கள். வழிகாட்டி இதைத் தாண்டிப் போனால் நிறுத்திக் கேளுங்கள்.

எங்களுக்கு சனிக்கிழமை மட்டும்தான் நேரம். யூதர் பகுதியைப் பார்க்கலாமா?

தெருக்களைப் பார்க்கலாம், உள்ளே போக முடியாது. யூத அருங்காட்சியகத்தின் எல்லா இடங்களும் 'பழைய-புதிய' என்ற பெயருள்ள தொழுகைக்கூடமும் சனியன்றும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். வெறும் தெருவை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். பழைய குடியிருப்பை 1893இலிருந்து இடித்துவிட்டு எழுப்பிய அகலத் தெருக்களும் ஆடம்பர வீடுகளுமே இப்போது வெளியே தெரிகின்றன. வேறு நாளுக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

உள்ளே போகிறவர்கள் பிங்காஸ் தொழுகைக்கூடத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். நாஜிகளால் இறந்த ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்களைச் சுவரில் கையால் எழுதியிருக்கிறார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில் அவை அழிந்தன, 1992 முதல் 1996 வரை மறுபடி முழுவதும் எழுதினார்கள். பக்கத்துக் கல்லறையில் இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் புதைத்ததால் ஏறத்தாழ 12,000 கற்கள் சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. ஆண்கள் தலையை மூட வேண்டும். இங்கே வழிகாட்டி வெளியிலேயே விளக்கிவிட்டு உங்களை மௌனமாக உள்ளே அனுப்புவதுதான் சரி.

நாங்கள் சுத்த சைவம். நடுவில் சாப்பிட என்ன கிடைக்கும்? பாத்ரூம்?

'பெஸ் மசா' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆனால் சூப் பெரும்பாலும் எலும்புச் சாறு, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். உருளைக்கிழங்கு அடையான பிராம்போராக்கைச் சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள். பொரித்த சீஸான 'ஸ்மஜெனி சீர்' எங்கும் கிடைக்கும், மேலே முட்டைக் கலவை உண்டு. முட்டையும் கூடாது என்பவர்கள் வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவரே கடைக்குப் போன் செய்து கேட்பார். தெருவெங்கும் சுழற்றிச் சுடும் த்ர்தெல்னீக் இனிப்பைப் பழம்பெரும் பிராக் பண்டம் என்பார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக அண்மைக்காலத்தில் பரவியது அது.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். பொதுக் கழிப்பறைக்கு 10, 20 கொருனா நாணயங்கள் எப்போதும் பையில் இருக்கட்டும்.

தமிழோடு தொடர்புள்ள இடம் ஏதாவது பாதையில் வருமா?

வரும். தமிழறிஞர் கமில் சுவலபில் 1927இல் பிறந்த ஊர் இது. சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர், 1968 படையெடுப்புக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். அதன் கலைப் புலம், ஆற்றோரம் யான் பாலாக் சதுக்கத்தில் இருக்கிறது. அதே படையெடுப்பை எதிர்த்து 1969இல் தீக்குளித்த மாணவரின் பெயர்தான் சதுக்கத்துக்கு. யூதர் பகுதியிலிருந்து இரண்டு நிமிட நடை, வழிகாட்டியிடம் முன்பே சொன்னால் சேர்த்துக்கொள்வார்.

கைடு சொல்லும் கதைகளையெல்லாம் அப்படியே நம்பலாமா?

எது கதை, எது ஆவணம் என்று பிரித்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். கடிகாரத்தைச் செய்த ஹனுஷின் கண்களைக் குருடாக்கினார்கள் என்பது கதை. செய்தது கடானைச் சேர்ந்த மிகுலாஷ் என்பதற்கு 1410ஆம் ஆண்டு ஆவணமே இருக்கிறது. 1618இல் கோட்டை ஜன்னலிலிருந்து இரண்டு அரச அதிகாரிகளையும் ஒரு செயலரையும் வெளியே எறிந்ததும், மூவரும் பிழைத்ததும் உண்மை. எப்படிப் பிழைத்தார்கள் என்பதில்தான் ஆளுக்கொரு விளக்கம்.

சோதிக்க ஒரு நல்ல கேள்வி: 'பேராலயத்தில் எந்தப் பகுதி பழையது?' 1344இல் தொடங்கி 1929இல்தான் முடிந்தது. நுழையும்போது தெரியும் இரட்டைக் கோபுர முகப்பு புதிய பாதி, கிழக்குப் பாதிதான் 14ஆம் நூற்றாண்டு. எல்லாம் 14ஆம் நூற்றாண்டு என்று பதில் வந்தால், அவர் சொல்லும் மற்ற தேதிகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கைடு ஒரு கடைக்குக் கூட்டிப்போய் 'இங்கே வாங்குங்கள், இங்கே பணம் மாற்றுங்கள்' என்கிறார். மறுத்தால் தப்பாக நினைப்பாரா?

கார்னெட் நகை, கண்ணாடிப் பாத்திரக் கடைகளில் வழிகாட்டிக்குக் கமிஷன் இருக்கலாம். தனியாக வைத்த வழிகாட்டி என்றால் 'கடைக்கு நேரம் வேண்டாம்' என்று தொடக்கத்திலேயே சொல்வதில் தவறே இல்லை. குழுவில் போயிருந்தால் வெளியே நின்று காத்திருங்கள்.

இங்கே புழங்குவது யூரோ அல்ல, கொருனா. பல கடைகள் யூரோவும் வாங்கும், தங்களுக்குச் சாதகமான விகிதத்தில். வங்கி ஏடிஎம்மில் எடுக்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா' என்று திரை கேட்டால் மறுத்துக் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். தெருவில் நின்று பணம் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் ஒரு நோட்டுகூடக் கொடுக்காதீர்கள், செல்லாத வேற்றுநாட்டு நோட்டைத் திணித்துவிடுவார்கள். பணமாற்றுக் கடையில் மோசமான விகிதத்தில் மாற்றிவிட்டால், 1,000 யூரோ மதிப்பு வரை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்யும் உரிமை 2019 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அதில் மாற்றிய நேரம் அச்சாகியிருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பாருங்கள்.